மார்கோவ்னிகோவ் சொன்னதும் நாம் பாதியில் விட்டதும்: கேள்வி பதில்

பதினொன்றாம் வகுப்பில் கரிம வேதியியல் படித்த யாரும் மார்கோவ்னிகோவ் விதியை மனப்பாடம் செய்யாமல் தப்பித்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய ரஷ்ய வேதியியலாளரைப் பற்றி வகுப்பில் ஒரு வரிகூட வருவதில்லை. முப்பது வருடம் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்திய எனக்கு அது பெரிய மனக்குறை. அதனால்தான் அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்: மேடம், விதி எனக்கு அடிக்கடி தலைகீழாக மாறிவிடுகிறது. ஞாபகம் வைக்க வழி உண்டா?

உண்டு தம்பி. புரோப்பீனை எடுத்துக்கொள். மூன்று கார்பன்கள், ஓரத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்தப் பிணைப்பின் ஓரக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், நடுக் கார்பனில் ஒன்றுதான். இதோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புது ஹைட்ரஜன் எங்கே போகும்? ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் ஓரக் கார்பனுக்கே போகும். புரோமின் நடுவில் உட்காரும். கிடைப்பது 2-புரோமோபுரோப்பேன். "இனம் இனத்தோடு சேரும், பணம் பணத்தோடு சேரும்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆனால் அவர் இதை வெறும் ஹைட்ரஜன் கணக்காகச் சொல்லவில்லை. ஹைட்ரஜன் குறைவாக உள்ள கார்பனில் ஹாலஜன் (புரோமின், குளோரின் போன்றது) சேரும் என்று எழுதிவிட்டு, உடனே "அதாவது" என்று தொடர்ந்தார்: மற்ற கார்பன் அணுக்களின் தாக்கத்துக்கு அதிகமாக ஆட்பட்டிருக்கும் கார்பனில் என்று. காரணமே அந்த இரண்டாவது பாதிதான். நாம் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம்.

வங்கி ஊழியர்: சிறு வயதிலிருந்தே வேதியியலில் ஆர்வம் உள்ளவரா?

இல்லை. 1856-இல் ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது சட்டப் புலத்தில். அங்கே அரசு நிர்வாகம், பொருளாதாரம் படிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அந்த மாணவர்கள் கொஞ்சம் வேதியியலும் படித்தாக வேண்டும். பாடம் எடுத்தவர் அலெக்சாந்தர் புட்லெரோவ். அதோடு முடிந்தது சட்டம்!

புட்லெரோவ் யார் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். ஒரு சேர்மத்தில் எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று 1861-இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் நடந்த மாநாட்டில் பேசியவர் அவர். 'வேதி அமைப்பு' என்ற சொல்லுக்கு நாம் இன்று கொள்ளும் பொருளைக் கொடுத்தது அந்தப் பேச்சு. இளம் மார்கோவ்னிகோவ் அப்போதுதான் படிப்பை முடித்து அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அமைப்பைச் சொன்னார். மாணவர் அதற்கு அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டார். நேரடியாகப் பிணையாத அணுக்களும் ஒன்றையொன்று பாதிக்குமா? எப்படி? 1869-இல் அவர் கொடுத்த முனைவர் ஆய்வேட்டின் தலைப்பே வேதிச் சேர்மங்களில் அணுக்களின் பரஸ்பரத் தாக்கம் பற்றியதுதான். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கைப் பணி அந்த ஒரு கேள்வி. விதி அதில் விளைந்த ஒரு சின்னக் கதிர்.

முதுகலை மாணவி: அந்த விதியை நிறுவ எத்தனை சோதனைகள் செய்தார்?

நல்ல கேள்விம்மா. நேர்மையாகச் சொல்கிறேன், போதுமான அளவு செய்யவில்லை. 1870-இல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. அது பியூட்டிரிக் அமில மாற்றியங்களை, அதாவது அதே அணுக்கள் வேறு விதமாகப் பிணைந்த வடிவங்களைப் பற்றியது. விதி வருவது அதன் கடைசிச் சில பக்கங்களில், பின்னிணைப்பு போல. கைவசம் இருந்த வினைகள் கொஞ்சம்தான். அதிலும் பல, மற்றவர்கள் செய்து வெளியிட்டவை. இன்றைய மதிப்பீட்டாளர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் இன்னும் தரவு வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனாலும் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அணுக்களின் தாக்கத்தைப் பற்றிப் பல வருடம் யோசித்தவருக்குக் கொஞ்சம் தரவிலேயே போக்கு தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதே மாணவி: அப்படியானால் கார்பன் நேரயனி பற்றி அவருக்கு ஏதாவது தெரியுமா?

நேர்மின்சுமை ஏற்ற கார்பனைத்தான் கார்பன் நேரயனி என்கிறோம். அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-இல். இன்று நாம் என்ன சொல்கிறோம்? புரோப்பீனோடு முதலில் ஹைட்ரஜன் சேரும், நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும், இருபுறமும் உள்ள கார்பன்கள் எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுத்து அந்தச் சுமையைத் தாங்கும், அதனால் புரோமைடு அங்கே போய்ச் சேரும். இப்போது அவர் சொன்ன இரண்டாவது பாதியை மறுபடி படித்துப் பார். மற்ற கார்பன்களின் தாக்கத்துக்கு அதிகம் ஆட்பட்ட கார்பன்! எலக்ட்ரான் என்ற சொல் இல்லாமலே பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

டியூஷன் ஆசிரியர்: மார்கோவ்னிகோவுக்கும் சாய்ட்செவுக்கும் ஆகாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான் சார். இருவரும் கசானில் அதே சட்டப் புலத்தின் வழியாக வந்தவர்கள், இருவரும் புட்லெரோவின் மாணவர்கள். புட்லெரோவ் பீட்டர்ஸ்பர்க் போன பிறகு ஒரே பல்கலைக்கழகத்தில் இருவரும் போட்டியாளர்கள் ஆனார்கள். 1875-இல் வந்த சாய்ட்செவ் விதி நீக்க வினைக்கானது, அதாவது அணுக்கள் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகும் வினைக்கு. அங்கே ஹைட்ரஜன் குறைவாக உள்ள கார்பனிலிருந்துதான் ஹைட்ரஜன் பறிபோகும். ஒருவர் விதியில் இருப்பவனுக்கே சேர்கிறது, மற்றவர் விதியில் இல்லாதவனிடமே பிடுங்கப்படுகிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து நடத்துங்கள், பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

முதுகலை மாணவர்: பெராக்சைடு இருந்தால் விதி மீறப்படுகிறதே, அப்புறம் அது எப்படி விதி?

1930-களின் தொடக்கம் வரை இது பெரிய தலைவலி. அல்லைல் புரோமைடோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் ஒருவருக்கு விதிப்படி 1,2-டைபுரோமோபுரோப்பேன் கிடைக்கும், இன்னொருவருக்கு விதிக்கு மாறாக 1,3 கிடைக்கும். இருவரும் தாங்கள் செய்ததே சரி என்பார்கள். சிகாகோவில் காரஷும் மேயோவும் 1933-இல் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி, குப்பியில் காற்று பட்டு உருவான பெராக்சைடு. காற்றுப் படாமல் சுத்தமாக எடுத்தால் மார்கோவ்னிகோவ் சொன்னதுதான் நடக்கிறது. பெராக்சைடு இருந்தால் வினை தனி உறுப்புகள் (ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்டவை) வழியாக வேறு பாதையில் போகிறது. முதலில் சேர்வது ஹைட்ரஜன் அல்ல, புரோமின். ஆக, விதி மீறப்படவில்லை, வினையே வேறு. இன்னொன்று, இது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான். குளோரைடுக்கும் அயோடைடுக்கும் எழுதி மதிப்பெண்ணை இழக்காதே.

வாசகர்: கசானை விட்டு ஏன் போனார்?

உடற்கூறியல் பேராசிரியர் லெஸ்காஃப்ட் 1871-இல் நிர்வாகத்தை விமர்சித்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதைக் கண்டித்துப் பேராசிரியர்கள் சிலர் வேலையை உதறினார்கள், மார்கோவ்னிகோவும் அவர்களில் ஒருவர். பிறகு ஒடெசாவில் இரண்டு வருடம், 1873 முதல் மாஸ்கோ.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பணிபுரிபவர்: நாங்கள் தினமும் சொல்லும் 'நாஃப்தீன்' என்ற சொல் இவர் வைத்ததா?

ஆமாம் சார், இவரேதான்! இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

1880 வாக்கில் காஸ்பியன் கடலோரப் பாகு நகரின் எண்ணெய் வயல்கள் பெருகிக்கொண்டிருந்தன. அந்த எண்ணெய் அமெரிக்க எண்ணெய் மாதிரி இல்லை. ஒரே கொதிநிலையில் வடித்து எடுத்த பகுதிகளை ஒப்பிட்டால் பாகு எண்ணெய் கனமாக இருந்தது. பகுத்துப் பார்த்தால் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற கணக்கு வருகிறது. அது எத்திலீன் குடும்பத்தின் விகிதம். அப்படியென்றால் இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும், புரோமினைச் சேர்த்துக் குலுக்கினால் செந்நிறம் சட்டென்று மறைய வேண்டும். மறையவில்லை. விகிதம் எத்திலீனுடையது, நடத்தை, இரட்டைப் பிணைப்பே இல்லாத பாரஃபினுடையது.

விடை, வளையம். கார்பன் சங்கிலியின் இரு முனைகளும் கைகோர்த்துக்கொண்டால் இரட்டைப் பிணைப்பு இல்லாமலே அதே விகிதம் வந்துவிடும். இவை ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட அரோமாட்டிக் (பென்சீன் வகை) சேர்மங்களை ஒத்தவை என்று பெயில்ஸ்டைனும் குர்பாதோவும் 1880-இல் காட்டியிருந்தார்கள். மார்கோவ்னிகோவ் தன் மாணவர் ஒக்லோப்லினோடு விரிவாக ஆராய்ந்து 1883-இல் முடிவுகளை வெளியிட்டார். இந்த வளையச் சேர்மங்களுக்கு 'நாஃப்தீன்' என்ற பெயரும் அப்போது வந்ததுதான். தூய வேதியியலை விட்டுவிட்டு எண்ணெய்ப் பீப்பாய்க்குப் போய்விட்டார் என்று சக வேதியியலாளர்கள் சிலர் குறைபட்டார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. தன் நாட்டு மண்ணில் கிடைக்கும் பொருளைத் தன் நாட்டு வேதியியலாளர் ஆராய வேண்டும் என்பதில் அவருக்கு உறுதி இருந்தது. இந்த வேலையைத்தான் நான் அவருடைய விதிக்கும் மேலே வைப்பேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு சாதனை. ஆறு கார்பன் வளையம்தான் நிலைக்கும் என்று பலர் நம்பிய காலத்தில், 1879-இல், கிரெஸ்தோவ்னிகோவோடு சேர்ந்து நான்கு கார்பன் வளையம் கொண்ட ஓர் அமிலத்தைத் தயாரித்தார். பத்து வருடம் கழித்து ஏழு கார்பன் வளையத்துக்குப் போனார்.

ஆய்வு மாணவி: அவருடைய ஆய்வகத்தில் பெண்கள் இருந்தார்களா, மேடம்?

யூலியா லெர்மோந்தோவா இருந்தார். ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லாததால் ஜெர்மனிக்குப் போய், 1874-இல் கோட்டிங்கனில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேதியியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். ஊர் திரும்பிய பிறகு மாஸ்கோவில் மார்கோவ்னிகோவோடு வேலை செய்தார், புட்லெரோவிடமும் செய்தார். பெட்ரோலியத்தை வெப்பத்தால் சிதைக்கும் ஆய்விலும் இறங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கடைசிக் காலம் எப்படி?

25 வருடப் பணி முடிந்ததென்று 1893-இல் துறைத் தலைமை கைமாறியது. அடுத்து வந்தவர் ஸெலின்ஸ்கி. மார்கோவ்னிகோவுக்கு ஆய்வகத்தில் ஓர் இடம் மிஞ்சியது. அங்கேயே நாஃப்தீன் வேலையைத் தொடர்ந்தார். 1904-இல் மாஸ்கோவில் காலமானார். கொனோவலோவ், கிஷ்னெர் எல்லாம் அவருடைய மாணவர்கள். வோல்ஃப்–கிஷ்னெர் ஒடுக்கத்தில் வரும் கிஷ்னெரேதான்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்: கடைசியாக ஒன்று மேடம். தேர்வில் விதியை எப்படி எழுதுவது?

புத்தகத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுது தம்பி, மதிப்பெண் அதற்குத்தான். அப்புறம் கீழே அந்த நேரயனியை வரைந்து, இருபுறக் கார்பன்களிலிருந்தும் நடுக் கார்பனுக்கு அம்புக்குறி போடு.