எம்.காம். படித்தவளுக்கு எதற்கு இந்தப் பரீட்சை?

கேள்வி: எனக்கு 5 மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில் ஏதோ ஆய்வு என்று சொல்லி, நர்ஸ் ஒருவர் ஐஸ்கிரீம் டப்பா லேபிளைக் காட்டி 6 கேள்விகள் கேட்டார். பிறகு டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எம்.காம். படித்தவளை இப்படிச் சோதிக்கலாமா?

பதில்: கோபம் வேண்டாம் அம்மா. அந்த லேபிள் சோதனை அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியானது. டப்பா முழுவதையும் சாப்பிட்டால் எத்தனை கலோரி என்று ஒரு கேள்வி வரும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இதைச் சாப்பிடலாமா என்று இன்னொன்று. பொருள்களின் பட்டியலுக்குள் கடலை எண்ணெய் ஒளிந்திருக்கும். படித்ததைத் தன் உடம்புக்குப் பொருத்திப் பார்க்க வருகிறதா என்பதுதான் சோதனை. நம் ஊரில் லேபிள் படித்து ஐஸ்கிரீம் வாங்குகிறவர் யார்? மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

படிப்பு இதற்கு உதவும். ஆனால் அது மட்டும் போதாது. என்னிடம் வந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்டவில்லை. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி பாலோடு டாக்டர், கால்சியம் மாத்திரையும் சேர்த்து." பாலும் கால்சியமும் இரும்புச்சத்தைச் சரியாக உடம்பில் ஏறவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டினார். அதை நம்பியது என் தப்பு.

எட்டாவதோடு நின்ற இன்னொருவர், 9-ஆம் மாதத்தில், குழந்தையின் அசைவு நேற்றிலிருந்து குறைந்திருக்கிறது என்று விடியற்காலையில் வந்து நின்றார். மாதம் ஏறினால் அசைவு குறையும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. அசைவு குறைந்தால் எந்த மாதமானாலும் உடனே வர வேண்டும்.

திருப்பிச் சொல்லச் சொல்வதும் இதற்காகத்தான். நீங்கள் தப்பாகச் சொன்னால், நாங்கள் விளக்கியது போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பரீட்சையில் மார்க் குறைவது எங்களுக்கு. ஆய்வில் சேர விருப்பமில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

இன்று வீட்டில் ஒன்று செய்யுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தக்கசிவு, பனிக்குட நீர்க் கசிவு, இவற்றில் எது வந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. இதைக் கணவரிடம் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்கு வண்டி எடுக்கப் போகிறவர் அவர்தானே.