இஸ்தான்புல் 2005: கால்பந்து கேள்வி – பதில்

கேள்வி: ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் 2005 இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது இத்தாலியின் ஏசி மிலான் 3-0 என முன்னிலை. இங்கிலாந்தின் லிவர்பூல் எப்படி மீண்டது? பயிற்சியாளர் பெனிடெஸ் ஓய்வறையில் பேசிய பேச்சுதான் காரணமா?

பதில்: பேச்சைவிட ஆள் மாற்றமே முக்கியம். மிலானின் நடுக்களம் வைர வடிவில் நின்றது: அடியில் பிர்லோ, இருபுறமும் கட்டூசோ, சீடோர்ஃப், நுனியில் காகா. லிவர்பூலுக்கு நடுவில் ஜெரார்டும் அலோன்சோவும் மட்டுமே. அவர்களுக்குப் பின்னால் காகாவுக்குக் கொள்ளை இடம். முதல் நிமிடத்திலேயே பிர்லோவின் ஃப்ரீ கிக்கை மால்டினி கோலாக்கினார். 39, 44-ஆம் நிமிடங்களில் கிரெஸ்போ அடித்தார். அதில் இரண்டாவது, காகா தற்காப்பைப் பிளந்து அனுப்பிய ஒரே பாஸில் வந்தது.

இடைவேளையில் லிவர்பூல் தற்காப்பு வீரர் ட்ராவோரேயை வெளியே எடுப்பதாகத்தான் இருந்தது. இன்னொரு தற்காப்பு வீரர் ஃபின்னனுக்குக் காயம் என்றதும் அவர் வெளியேறினார், ட்ராவோரே தப்பினார். உள்ளே வந்த நடுக்கள வீரர் ஹமான், காகாவின் வழியை மறித்தார். பின்னால் மூவர், பக்கவாட்டில் ஸ்மிட்சரும் ரீசெவும். ஜெரார்டுக்கு முன்னேறும் சுதந்திரம் கிடைத்தது. 54-ஆம் நிமிடம் ரீசெவின் கிராஸை ஜெரார்டு தலையால் முட்டிக் கோலாக்கினார். 56-இல் ஸ்மிட்சரின் தொலைதூர அடியும் கோல். 60-இல் அலோன்சோவின் பெனால்டியை மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்தும், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே தள்ளினார்: 3-3.

அதன்பின் மிலான் மறுபடி ஓங்கியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்று வீரராக வந்த மிலானின் செர்ஜினியோ இடப்பக்கம் ஓட ஆரம்பித்ததும் அவரைத் தடுக்க ஜெரார்டே வலது பின்களத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. கூடுதல் நேரத்தில், 117-ஆம் நிமிடம், மிலானின் ஷெவ்சென்கோ அடித்த இரண்டு அடிகளை அடுத்தடுத்து லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்ததுதான், என் கணக்கில், அன்றைய இரவின் உச்சம்.

கேள்வி: சமநிலை நீடித்ததால் வந்த பெனால்டி ஷூட் அவுட்டில் டூடெக் கோல் கோட்டைத் தாண்டி முன்னே வந்தது விதிமீறல் இல்லையா?

பதில்: மீறல்தான். பந்து உதைபடும்வரை கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டும். பிர்லோ உதைக்கும் முன்பே டூடெக் முன்னேறிவிட்டார். நடுவர் மெஹூட்டோ கோன்சாலஸ் மறுபடி உதைக்கச் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. ஆனால் செர்ஜினியோ கம்பத்துக்கு மேலே அடித்ததற்கு யாரைக் குறை சொல்வது? ஷூட் அவுட்டில் 3-2 என லிவர்பூல் வென்றது.

கேள்வி: அந்தக் கோப்பை லிவர்பூலிடமே தங்கிவிட்டதாமே?

பதில்: ஆம். மொத்தம் 5 முறையோ, தொடர்ந்து 3 முறையோ வென்றால் அசல் கோப்பை கிளப்புக்கே சொந்தம் என்பது அன்றைய விதி. லிவர்பூலுக்கு அது ஐந்தாவது வெற்றி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவம் உள்நாட்டு லீக்கில் அவர்களுக்கு ஐந்தாமிடம்தான்; அந்த இடத்துக்கு அடுத்த சாம்பியன்ஸ் லீகில் வாய்ப்பு இல்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா தனி அனுமதி தந்து, நடப்புச் சாம்பியனை அடுத்த பருவத்தின் முதலாவது தகுதிச் சுற்றிலிருந்து ஆட வைத்தது.