பாலெர்மோவின் பல்லரோ சந்தையில் ஒரு காலை

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். செப்டம்பரில் மகனோடு இத்தாலி செல்கிறேன். சிசிலித் தீவின் பாலெர்மோவில் ஒரு காலைப்பொழுது மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும். அங்குள்ள பழைய சந்தைகளுள் எதற்குப் போவது? சுத்த சைவமான எனக்குச் சாப்பிட ஏதேனும் கிடைக்குமா? பேரம் பேசலாமா, படம் எடுக்கலாமா? – வாசகி, மதுரை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஒரே காலைதான் என்றால் தயங்காமல் பல்லரோ சந்தைக்குப் போங்கள். வுச்சிரியா என்ற பெயரைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஓவியர் ரெனாத்தோ குத்தூஸோ 1974இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமும் அந்தச் சந்தையைப் பற்றியதே. ஆனால் இன்று அங்கே பகலில் எஞ்சியிருக்கும் கடைகள் சொற்பம். இரவுக் கேளிக்கைக்கே கூட்டம் சேர்கிறது. காப்போ சந்தை நன்றாகவே நடக்கிறது. எனினும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அன்றாடச் சமையலுக்குக் காய்கறி வாங்கும் இடமாகவும், வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் கடைகளைப் போட்டிருக்கும் இடமாகவும் இருப்பதால், நகரத்தை அறிந்துகொள்ள அல்பெர்கெரியா பகுதியிலுள்ள பல்லரோவே சிறந்தது என்பது என் எண்ணம். காலை எட்டரைக்குள் அங்கே இருங்கள்.

பாலெர்மோ 831 முதல் 1072 வரை அரபு ஆட்சியில் இருந்த நகரம். 10ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி இதன் சந்தைகளை விவரித்ததோடு, ஊரார் பச்சை வெங்காயத்தை ஓயாமல் தின்பதைக் கடிந்தும் எழுதியிருக்கிறார். இன்றும் அடுப்பில் முழுதாகச் சுட்டு, தோல் கருகி உள்ளே குழைந்து கிடக்கும் பெரிய வெங்காயங்களைப் பல்லரோவில் தட்டுத் தட்டாக விற்கிறார்கள். சமைக்க நேரமில்லாத வீட்டார் அவற்றையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் வாங்கிப் போகிறார்கள். இரண்டுமே உங்களுக்கு ஏற்றவை.

உங்கள் காலை உணவாக நான் சொல்வது பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் உப்புச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிண்டி, பார்ஸ்லி இலையை நறுக்கிப் போட்டு, மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். இறுகியதும் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்தை அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மிருதுவாகவும் இருக்கும். சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆனால் அதே எண்ணெயில் இறைச்சி அடைத்த அரிசி உருண்டையான அராஞ்சினாவையும் பொரிக்கும் கடைகள் உண்டு. அது உங்களுக்கு ஒவ்வாது என்றால், வாங்குவதற்கு முன் வாணலியைச் சற்று நின்று கவனியுங்கள். கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, ஆலிவ், காடியுடன் சேர்த்துச் செய்யும் கப்பொனாத்தாவும் பொதுவாகச் சைவமே.

ஏமாற்றும் பண்டம் ஒன்று உண்டு. ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த ரொட்டியின் மேல் தக்காளியும் வெங்காயமும்தான் கண்ணுக்குத் தெரியும். நெத்திலி போன்ற சிறு மீனை அந்தக் குழம்பிலேயே கரைத்திருப்பார்கள். பெக்கோரினோ பாலாடைக்கட்டியை உறையவைப்பதும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள்தான். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே’, அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்ற இந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மண்ணீரலை வதக்கும் கடைகளும், ஆட்டுக்குடலைத் தணலில் சுடும் புகையும், வாளை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்த வாள்மீன் தலைகளும் வழியில் எதிர்ப்படும். பார்க்கச் சங்கடமாக இருந்தால் காய்கறி வரிசைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

அந்த வரிசையில் நீங்கள் நெடுநேரம் நிற்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு வெளிர்பச்சையில் கிடக்கும் காய் நம் சுரைக்காயேதான். அதன் இளந்தளிர்களைக் கட்டுக் கட்டாகத் தெனெரூமி என்று விற்கிறார்கள். தக்காளியோடும் முறித்துப் போட்ட ஸ்பகெட்டியோடும் சேர்த்துக் கோடையில் சூப் வைப்பது இவ்வூர் வழக்கம். செப்டம்பரில் சப்பாத்திக்கள்ளிப் பழமும் வந்திருக்கும். முள் நீக்கித் தோலுரித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

பழத்தையோ காயையோ நீங்களாகத் தொட்டுப் பொறுக்கக் கூடாது. விரலால் காட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவார். விலைப்பலகையில் இருப்பது கிலோவுக்கா, ‘எத்தோ’ எனப்படும் 100 கிராமுக்கா என்று பாருங்கள். ஆலிவ், பாலாடைக்கட்டி போன்றவற்றைப் பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் கேட்டு வாங்குவார்கள். எழுதிப் போட்ட விலைக்குப் பேரம் பேசுவது அங்கே வழக்கமில்லை. சில்லறை யூரோக்களைக் கையில் வைத்திருங்கள்.

படம் எடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். ராகம் போட்டுக் கூவி விற்பவர் தம் பிழைப்பை நடத்துகிறார்; ஒன்றும் வாங்காமல் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுபவர்களை அவர் அன்றாடம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அத்திப்பழமோ ஆலிவோ வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நான் உங்களை மிகவும் வேண்டிக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

பாலெர்மோவில் ஈழத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். நகரை ஒட்டிய பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனித ரொசாலியா ஆலயத்துக்கு இந்துக்களான தமிழர்களும் நேர்த்திக்கடனோடு ஏறிச் செல்கிறார்கள். ஆகவே சந்தையில் தமிழ்க் குரல் கேட்டால் வியப்படைய வேண்டாம். நின்று நலம் விசாரியுங்கள்.

மீன் கழுவிய நீரால் தரைக்கல் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அணியுங்கள். சந்துக்குள் ஸ்கூட்டர்களும் வரும். கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஏதேனும் வாங்குவதானால், கொத்தாகக் காய்ந்த ஓரிகானோவையும் பந்தெல்லேரியா தீவின் உப்பிட்ட கேப்பர் மொட்டுகளையும் வாங்குங்கள். இரண்டுமே பயணத்தில் கெடாது. கேப்பரைச் சமைக்கும்போது மட்டும் உப்பை உதறிவிட்டு, நீரில் சற்று நேரம் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்க வேண்டும்.