ஆறு பேர் வந்தார்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலூர் பக்கத்துக் கண்மாய்களையும் குன்றுகளையும் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு வருகிறேன். 18,000 பேர் பின்தொடர்கிறார்கள். எங்கள் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்க வாருங்கள் என்று போன ஞாயிறு அழைத்தேன். 200 பேர் வருவதாகச் சொன்னார்கள். வந்தது 6 பேர். இத்தனை நாள் சேர்த்தது வெறும் எண்ணிக்கைதானா? மனசு விட்டுப்போச்சு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

வராதவர்கள் மேல் கோபப்படாதீர்கள். படம் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள். அதற்கு மேல் உங்களுக்கு அவர்கள் எதுவும் கடன்படவில்லை. ஊர் என்பது வேறு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் போடுகிற தலைக்கட்டு வரியைப் பாக்கி வைத்தால் வாசலுக்கு வந்து கேட்பார்கள். ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகாமல் இருந்துபாருங்கள், அடுத்த முறை டீக்கடையில் "ஏன் வரல?" என்று முகத்துக்கு நேரே கேள்வி வரும். அப்படிக் கேட்கிற உரிமை ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற இடத்தைத்தான் நான் சமூகம் என்பேன். உங்கள் 18,000 பேரில் ஒருவரையும் நீங்கள் அப்படிக் கேட்க முடியாது.

அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தானே. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் அந்தக் குன்றுகளின், குடைவரைக் கோயிலின் படங்கள் எங்கெல்லாமோ போயின. உங்களைப் போன்றவர்கள் செய்த வேலை அது, பெரிய உதவி. ஆனால் கிராமசபையில் உட்கார்ந்து தீர்மானம் போட்டவர்கள், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தவர்கள், அன்று மேலூரில் கடையடைத்தவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதற்காக ஊரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் என்னால் முடியாது. இதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து 10 ஆண்டுகள் தலித் தலைவர் ஒருவர் பதவியில் நிலைக்க ஊர் விடவில்லை. 2006இல்தான் அது மாறியது. "ஏன் வரல?" என்று உரிமையோடு கேட்கிற அதே வாய்தான் "நீ வரக்கூடாது" என்றும் சொன்னது. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட ஒரு பையனின் பேச்சை முதலில் காதுகொடுத்துக் கேட்பது முகம் தெரியாத ஆயிரம் பேராக இருக்கலாம். அந்த ஆயிரத்தை நான் ஒருபோதும் மட்டமாகப் பேச மாட்டேன்.

சரி, உங்கள் கண்மாய்க்கு வருவோம். மீன்பிடித் திருவிழாவில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஜனம் ஊத்தாக் கூடையோடு தண்ணீரில் பாய்வதை நீங்கள் போட்ட படத்தில் பார்த்தேன். மழைக்கால ராத்திரியில் மடையைப் பார்க்கப் போகிறவர் யார் என்று தெரியுமா? அடுத்த ஞாயிறுக்குள் அவரை விசாரித்துப் போய்ப் பாருங்கள். எந்தப் பக்கம் கை வைக்கலாம், எங்கே கிளறினால் கரை இளகும் என்று அவர் சொல்வார். கன்றைத் தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும் என்பதையும் கூட வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாகப் போன் போடுங்கள். யாராவது வராவிட்டால் ஏன் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் பக்கம் அதுபாட்டுக்கு நடக்கட்டும். அப்புறம், ஊருக்குள் அழைத்ததோடு நிறுத்தாமல் காலனித் தெருவுக்கும் நேரில் போய் அழையுங்கள்.