ஸ்லாவிய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான சொல் ஒன்றைக் கூற முடியுமா?

வோதா (நீர்), ருக்கா (கை) எனப் பல சொற்கள் சிறு ஒலி வேறுபாடுகளோடு இம்மொழிகளில் வழங்குகின்றன என்றாலும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கரடியின் பெயரையே சொல்வேன். ரஷ்ய மொழியில் அது மெத்வேத். செக், குரோவேசிய மொழிகளில் மெத்வியெத். 2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்த மெத்வெதேவின் குடும்பப் பெயரிலும் இந்தக் கரடிதான் இருக்கிறது.

ரஷ்ய மொழி கற்கத் தொடங்கிய நாட்களில், தேனைக் குறிக்கும் ‘மெத்’ என்ற பகுதி எனக்கு உடனே விளங்கிவிட்டது. நடுவிலுள்ள வகரம்தான் குழப்பியது. ‘வேதத்’ என்றால் அறிதல் என்பதால், தேன் இருக்குமிடம் அறிந்த விலங்கு என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்க அழகாக இருந்தாலும் அது பிழை. தேனுக்கான பழைய வடிவம் ‘மெது’. உண்ணுதலைக் குறிக்கும் சொல் உயிரெழுத்தில் தொடங்கி அதனோடு சேரும்போது உகரம் வகரமாகத் திரிந்தது. வடமொழியில் தேனைக் குறிக்கும் மதுவும் உண்ணுதலைக் குறிக்கும் ‘அத’வும் புணர்ந்து ‘மத்வத’ ஆவதும் இப்படித்தான். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில், மரத்தில் வந்தமரும் பறவைகள் இதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆக, நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட மதுவும் ரஷ்யரின் மெத்தும் ஒரே வேரின, கரடி ‘தேனுண்ணி’.

எல்லா இடத்திலும் இச்சொல் எளிதில் அடையாளம் தெரிவதில்லை. உக்ரைனியர் முன்பின்னாக மாற்றி ‘வெத்மித்’ என்கிறார்கள். போலந்தில் முதலெழுத்து மகரத்திலிருந்து நகரமாகி ‘நியெஜ்வியெச்’ ஆகிவிட்டது. பல்கேரியரின் அன்றாடச் சொல்லான ‘மெச்கா’வும் இதன் செல்லச் சுருக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஸ்லாவியமே அல்லாத ஹங்கேரிய மொழிகூட இதைக் கடன் வாங்கி ‘மெத்வே’ என்கிறது.

கரடிக்கு இதைவிடப் பழைய பெயர் ஒன்று இருந்தது. கிரேக்கத்தில் ஆர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ், வடமொழியில் ருக்ஷம் என எஞ்சியுள்ள அந்தப் பெயர் ஸ்லாவிய மொழிகளில் மறைந்துவிட்டது. பெயரைச் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்ற அச்சத்தால் வேட்டைக்காரர்கள் அதைத் தவிர்த்தார்கள் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. நம் ஊரில் இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்பதைப் போன்றதுதான் இது. காலப்போக்கில் அந்த மாற்றுப்பெயரே இயற்பெயராகி, அதையும் சொல்லத் தயங்கும் நிலை வந்தது. அதனால்தான் சைபீரியக் காட்டுவாசிகள் கரடியை ‘ஹஸ்யாயின்’, அதாவது எசமான், என்கிறார்கள்; வீட்டிலும் கதைகளிலும் அது ‘மீஷா’. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமாக இருந்த கரடிக்குட்டிக்கும் அதுவே பெயர்.