டெல்லி நாய், கோத்தகிரி கரடி: இந்தியாவுல குடியேறப் போறவங்க கேட்ட கேள்விங்களும் என் பதில்களும்

வணக்கம். நான் ஈப்போவுல பிறந்து வளர்ந்தவ. 2014ல வீட்டுக்காரருக்கு டெல்லியில வேலை கிடைச்சு வந்தோம், அஞ்சு வருஷம் அங்க, அதுக்கப்புறம் நீலகிரியில கோத்தகிரிக்கு வந்து இங்கயே இருக்கோம். இந்தியாவுக்குக் குடி வர்ற நம்ம மலேசியா, சிங்கப்பூர் ஆளுங்க விசா, வாடகை, ஸ்கூல் எல்லாம் நல்லா விசாரிச்சுட்டுதான் வர்றாங்க, ஆனா வந்த முதல் வாரத்துலயே திணறுறது நாய், குரங்கு, மாடு விஷயத்துலதான். நீங்க வாடகைக்குப் போற தெருவுல உங்களுக்கு முன்னாடியே அதுங்க குடியிருக்கும், அதுங்களுக்குன்னு ஒரு நேரம் ஒரு பாதை இருக்கும், அதை முதல்ல கவனிச்சு வச்சுக்கணும். வந்த கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி (சிரம்பான்): அக்கா, அடுத்த மாசம் ரெண்டு பிள்ளைங்களோட டெல்லி போறோம். தெரு நாய் நிறையன்னு சொல்றாங்க. முன்னாடியே ஊசி போட்டுக்கணுமா?

போட்டுக்கிட்டு வாங்கம்மா, இதுல யோசிக்கவே வேணாம். தீபகற்ப மலேசியாவுல வளர்ந்த நமக்கு நாய்க்கடின்னா மருந்து தடவிட்டு விடுற விஷயம், 2017ல சரவாக்ல ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி நோய், பரவுனப்பதான் நம்மாளுங்களுக்கே கொஞ்சம் பயம் வந்துச்சு. இந்தியாவுல வெறிநாய்க்கடியில இன்னமும் ஆளுங்க சாகுறாங்க, அதுல சின்னப் பிள்ளைங்க நிறைய. அறிகுறி வந்துட்டா அப்புறம் காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம், அதுக்கு முன்னாடி முறையா ஊசி போட்டா தப்பிச்சிடலாம். முன்கூட்டியே போடுற கோர்ஸ் முடிச்சிருந்தா, கடிச்ச அன்னிக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, ரெண்டோட முடிஞ்சிடும், இம்யூனோகுளோபுலின், அதான் கிருமியை உடனே தடுக்க புண்ணைச் சுத்திப் போடுற ஊசி, தேவைப்படாது. பிள்ளைங்க நாய் நக்குனதையோ சின்னதா கீறுனதையோ அம்மாகிட்ட சொல்லாம மறைக்கும் பாருங்க, அதுக்காகவே போடணும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2016 ஜனவரி, பனிமூட்டம், ராத்திரி எட்டு மணி இருக்கும், வண்டிக்காரர்கிட்ட கேரட் வாங்கிட்டுத் திரும்புறேன், நிறுத்தியிருந்த கார் அடியில சூட்டுக்காகப் படுத்திருந்த நாயோட வாலை மிதிச்சுட்டேன். கெண்டைக்கால்ல ஒரே கவ்வு. சல்வார்ல சின்ன ஓட்டை, உள்ள ரெண்டு பல் பதிஞ்சு லேசா ரத்தம், அவ்வளவுதான். வீட்டு ஓனரம்மா பதறிப்போய் மிளகாய்த்தூளைக் கடுகெண்ணெயில குழைச்சுக் கொண்டு வந்துட்டாங்க. பாசத்துலதான் கொண்டு வந்தாங்க, ஆனா மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் கடிவாயில வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் என்னை பாத்ரூம்ல உக்கார வச்சு குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுனார், கடிகாரத்தைப் பாத்து முழுசா பதினஞ்சு நிமிஷம், ஜனவரித் தண்ணி, கால் மரத்தே போச்சு. ஆனா அந்தப் பதினஞ்சு நிமிஷம் மருந்து மாதிரி, கிருமியை அங்கயே நிறைய குறைச்சிடும்.

அப்புறம் பக்கத்துல ஒரு கிளினிக் போனா டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில அரசு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அங்க டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே புண்ணைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் போட்டாங்களான்னுதான். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா தடுப்பூசியோட அதுவும் சேர்த்துப் போடணும், முதல் நாளே போடுறது நல்லது, முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆயிட்டா அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில தோல்லயே போடுற முறையில 0 (முதல் ஊசி போடுற நாள்), 3, 7, 28 நாள்ல வரச் சொல்வாங்க, தசையில போட்டா 0, 3, 7, 14, 28. ஒண்ணு கூட விடாதீங்க, வலி போயிடுச்சேன்னு மூணோட நிறுத்துறவங்க நிறைய பேரைப் பாத்துட்டேன். குரங்கு, பூனை கடிச்சாலும் இதே வைத்தியம்தான்.

தெரு நாய்ல ஒரு காது நுனி வெட்டியிருந்தா அதுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு அர்த்தம், அப்ப வெறிநாய் தடுப்பூசியும் போட்டு, பிடிச்ச தெருவுலயே கொண்டு வந்து விடுவாங்க, 2023ல வந்த மத்திய அரசு விதியும் அதையேதான் சொல்லுது. 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய் எல்லாத்தையும் காப்பகத்துல அடைக்கணும்னு உச்ச நீதிமன்றம் முதல்ல சொல்லிச்சு, பதினோரு நாள்ல அதை மாத்தி, வெறி பிடிச்சது, ஆளைத் துரத்திக் கடிக்கிறது தவிர மத்ததை ஊசி போட்டுத் திரும்ப விடலாம்னு சொல்லிடுச்சு. அதனால உங்க தெரு நாய் உங்க தெருவுலதான் இருக்கும். முதல் வாரமே வாட்ச்மேன்கிட்ட எந்த நாய் யாரோடது, எது குட்டி போட்டிருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க, குட்டி போட்ட நாய் பக்கம் பிள்ளைங்களை விடாதீங்க, துரத்துனா ஓடாம அப்படியே நிக்கச் சொல்லிப் பழக்குங்க.

கேள்வி (பினாங்கு): டெல்லி குரங்கு நம்ம பத்துமலை குரங்கு மாதிரிதானே? எதுக்கு இவ்வளவு பில்டப்?

ஒரே குடும்பம்தான் தம்பி, ஆனா டெல்லியில இருக்கிற செம்முகக் குரங்கு ஆளு பெருசு, கூட்டம் பெருசு, தைரியம் ரொம்பப் பெருசு. பத்துமலையில படி ஏறுறப்ப பொட்டலத்தைப் பறிச்சுட்டு ஓடிடும், இது ஓடாது, உங்க வீட்டு பால்கனியிலயே உக்காந்து சாப்பிடும். ஒரு தடவை பின்பக்கக் கதவைச் சாத்தாம விட்டுட்டேன், வந்து பாத்தா ஒரு தாய்க்குரங்கு கோதுமை மாவு டப்பாவை ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கி மூடியை நம்ம திருகுற மாதிரியே திருகித் திறக்குது, குட்டி வயித்துல தொங்கிக்கிட்டே முகமெல்லாம் மாவா என்னைப் பாக்குது. நான் செஞ்ச தப்பு என்னன்னா, சிரிச்சேன். பல்லைக் காட்டுனா அதுக்கு அது சண்டைக்கு வான்னு கூப்பிடுற மாதிரி. பாத்திரத்தை விட்டுட்டு நேரா என் மேல பாஞ்சுச்சு, கதவைச் சாத்த நேரம் இருந்துச்சு, தப்பிச்சேன். கண்ணைப் பாக்காதீங்க, பல்லைக் காட்டாதீங்க, முதுகைக் காட்டி ஓடாதீங்க, கையில பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுட்டு நடக்காதீங்க.

இதைச் சாதாரணமா எடுத்துக்க வேணாம். 2007ல டெல்லி துணை மேயரே வீட்டு மாடியில குரங்குங்களை விரட்டப் போய் கீழ விழுந்து இறந்துட்டார். அப்பல்லாம் குரங்கை விரட்ட கறுப்பு முகம் உள்ள சாம்பல் மந்தியை, அதான் லங்கூரை, கயித்துல கட்டிக் கூட்டிட்டு வர்ற ஆளுங்க இருந்தாங்க. வனவிலங்குச் சட்டப்படி அது தப்புன்னு நிறுத்திட்டாங்க, இப்ப லங்கூர் மாதிரியே குரல் கொடுக்கத் தெரிஞ்ச ஆளுங்களை வச்சிருக்காங்க. 2023ல ஜி20 மாநாடு நடந்தப்ப ரோட்டோரம் லங்கூர் கட்அவுட்டே வச்சாங்க.

செவ்வாய்க்கிழமை அனுமார் கோயில் பக்கம் வாழைப்பழத்தோட ஜனங்க வருவாங்க, குரங்குக் கூட்டமும் சரியா அங்க வந்து நிக்கும். பக்தியில போடுறாங்க, யாரையும் நான் குறை சொல்லல, ஆனா கையில இருந்து வாங்கித் தின்னு பழகுன குரங்கு அடுத்த நாள் ஸ்கூல் பிள்ளை கையில இருக்கிறதையும் பிடுங்கும். நீங்க போடாதீங்க. தண்ணி டேங்க் மூடியை கம்பி வச்சுக் கட்டுங்க. மதுரா பக்கத்துல இருக்கிற பிருந்தாவனம் போனா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி பைக்குள்ள வச்சுடுங்க, அங்க கண்ணாடியைப் பறிச்சுட்டுப் போய் மாம்பழ ஜூஸ் பாக்கெட் தூக்கிப் போட்டாத்தான் திருப்பித் தருது, நான் கண்ணால பாத்தேன்.

கேள்வி (கிள்ளான்): வீட்டு ஓனரம்மா தினமும் மாட்டுக்கு ரொட்டி வைக்கச் சொல்றாங்க. வைக்கணுமா?

வைங்கம்மா. முதல் ரொட்டி பசுவுக்கு, கடைசி ரொட்டி நாய்க்குன்னு வடக்கே ஒரு வழக்கம், நம்ம வீட்டுல காக்காவுக்குச் சோறு வச்சுட்டுச் சாப்பிடுற மாதிரிதான். கையால நீட்ட பயமா இருந்தா சுவரோரமா வச்சுட்டு நகர்ந்துடுங்க. ஆனா காய்கறித் தோலை பிளாஸ்டிக் கவர்ல முடிச்சுப் போட்டு வெளிய வைக்காதீங்க, மாடு முடிச்சை அவிழ்க்காது, கவரோட முழுங்கும், வயித்துல கல்லு மாதிரி சேர்ந்து செத்துப் போகுது.

கேள்வி (சிங்கப்பூர்): ரிட்டயர் ஆகி கோத்தகிரியில வீடு பாத்துக்கிட்டு இருக்கோம். வாசல்ல காட்டெருமை நிக்குற வீடியோ பாத்து வீட்டுக்காரம்மா பயப்படுறாங்க.

நிக்கும் அண்ணா, அது உண்மைதான். தேயிலைக்கு நடுவுல இருந்த சோலையும் புல்லும் வீடா மாறிட்டே வருது, அது பழைய பாதையிலதான் இப்பவும் நடக்குது. போன வருஷம் காலையில ஆறு மணிக்குத் துணி எடுக்கப் போனேன், ஒரே மூடுபனி, கொடியில காயுற போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விடுற சத்தம். குனிஞ்சு பாத்தா போர்வைக்குக் கீழ நாலு கால், முட்டிக்குக் கீழ சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. பெரிய காளை ஒரு டன் வரைக்கும் இருக்கும். நான் வந்த வழியே மெதுவா பின்னால நடந்து வீட்டுக்குள்ள வந்துட்டேன், அது அரை மணி நேரம் புல்லு மேஞ்சுட்டுப் போயிடுச்சு. தானா வந்து முட்டுறது அபூர்வம், திடீர்னு எதிர்ல போய் நின்னாலோ, வழியை மறிச்சாலோ, நாய் குரைச்சு விரட்டுனாலோதான் ஆபத்து. நாயை ராத்திரி அவிழ்த்து விடாதீங்க, டார்ச் இல்லாம வெளிய வராதீங்க, போட்டோ எடுக்கக் கிட்ட போகாதீங்க.

எனக்குக் காட்டெருமையை விட கரடிதான் கவலை. அது எண்ணெய்க்கு வரும். கோயில் விளக்குல இருக்கிற எண்ணெய் வாசனைக்கு ராத்திரியில கதவை உடைச்சு உள்ள போய் நக்கிட்டுப் போகும், எங்க தெருக்கோடி மாரியம்மன் கோயில் கதவுல நகம் இழுத்த அஞ்சு கோடு இன்னும் அப்படியே இருக்கு. இப்ப பூசாரி சாயந்திர பூஜை முடிஞ்சதும் எண்ணெய்க் கேனையும் பிரசாதத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறார், அதுக்கப்புறம் வரல. நீங்களும் எண்ணெய், பலாப்பழம், குப்பைக் கூடை எதையும் வெளிய வைக்காதீங்க. வீடு பாக்குறப்ப சமையலறை ஜன்னலுக்குக் கம்பி இருக்கான்னு பாருங்க, வியூவை அப்புறம் பாத்துக்கலாம். மேட்டுப்பாளையத்துல இருந்து வர்றப்ப குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுக்கு வரும், இருட்டுறதுக்குள்ள ஏறிடுங்க.

கேள்வி (ஹட்டன்): நாங்களும் தேயிலைத் தோட்டத்து ஆக்கள்தான். அங்கயும் சிறுத்தை பயம் இருக்கா?

இருக்கு தம்பி, உங்க ஊர் மாதிரியேதான். எங்க பக்கத்து வீட்டம்மாவோட அம்மா அப்பா இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் உங்க மலையகத்துல இருந்துதான் கப்பல்ல வந்து அரசு டேன்டீ தோட்டத்துல சேர்ந்தவங்க. அவங்க சொல்லுவாங்க, கொழுந்து பறிக்க இறங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் சத்தமா பேசிக்கிட்டே போகணும்னு அங்க கத்துக்கிட்டதை இங்கயும் விடலன்னு. செடிக்குள்ள படுத்திருந்தா அது சத்தம் கேட்டு நகர்ந்துடும். இங்க ராத்திரியில வந்தா நாயைத்தான் தூக்கிட்டுப் போகுது. விடியக்காலை, சாயந்திரம் சின்னப் பிள்ளைங்களைத் தனியா கடைக்கு அனுப்புறதில்ல.

கேள்வி (டொரொண்டோ): லீவுக்குப் பிள்ளைங்களோட தஞ்சாவூர் பக்கம் மாமியார் ஊருக்குப் போறோம், ஒரு மாசம். பாம்புதான் பயம்.

அதிகமா ஆள் சாகக் காரணமா இருக்கிறது நாலு: நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்து இருக்கு. அதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது முக்கியமா நம்ம இருளர் ஜனங்க, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில 1978ல இருந்து கூட்டுறவு சங்கமே நடத்துறாங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, பயம் குறைஞ்சு விவரம் வரும்.

கிராமத்துல நான் ரொம்ப பயப்படுறது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும், வலியே தெரியாது, பல் தடமும் சரியா தெரியாது, விடியுறப்ப வயித்து வலின்னு எழுவாங்க, கண் இமை தானா மூடும். தரையில பாய் போட்டுப் படுக்க வேணாம், கட்டில்ல கொசுவலை கட்டி ஓரத்தை மெத்தைக்கு அடியில செருகிடுங்க. கடிச்சா கத்தியால கீறுறது, வாயால உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் வேணாம். கை காலை ஆட்டாம 108க்குப் போன் பண்ணி மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாம்பைத் தேடி அடிச்சு எடுத்துட்டுப் போக நேரத்தைச் செலவு பண்ணாதீங்க.

கேள்வி (ஜோகூர்): பச்சைக்கிளி கூண்டோட விக்கிறாங்க. வாங்கலாமா?

வேணாம். நாட்டுக் கிளியைக் கூண்டுல வளர்க்கிறது இங்க சட்டப்படி குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படித்தான். விக்கிறவர் சொல்லமாட்டார்.

கேள்வி (கோலாலம்பூர்): வீடெல்லாம் பல்லி. விஷமா?

விஷம் இல்லம்மா, கொசுவைத் தின்னுட்டுப் போகுது. மேல விழுந்தா மாமியார் பஞ்சாங்கத்துல பலன் பாப்பாங்க, பாக்கட்டும். சாப்பாட்டை மட்டும் மூடி வைங்க.

கேள்வி (டெல்லியில புதுசா குடியேறுன தம்பி): மாடியில ஒரு பருந்து ரெக்கையில நூல் சுத்தி விழுந்து கிடக்கு. என்ன செய்ய?

ஆகஸ்ட் 15 பக்கம் பட்டம் விடுறப்ப இது நடக்கும், கண்ணாடித்தூள் பூசுன மாஞ்சா நூல். நைலான்ல செய்யுற சைனா மாஞ்சாவை 2017லயே தடை பண்ணியும் விக்கிறாங்க. நூலை இழுக்காதீங்க தம்பி, இழுத்தா தசையை அறுத்துடும், ரெண்டு பக்கமும் கத்தரிச்சு விடுங்க. பழைய துண்டை தலையோட சேர்த்து மேல போடுங்க, கண் மறைஞ்சா அடங்கிடும். காலைச் சேர்த்துப் பிடிங்க, நகம்தான் கிழிக்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு வச்சு மூடுங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். புறா, கிளின்னா செங்கோட்டைக்கு எதிர்ல ஜெயின் கோயில்ல இருக்கிற பறவை ஆஸ்பத்திரிக்கே போகலாம், காசு வாங்கமாட்டாங்க. பருந்துக்கு வஜீராபாத்ல அண்ணன் தம்பிங்க நடத்துற மீட்பு மையம் இருக்கு, பருந்து வைத்தியத்துல பல வருஷம் கைதேர்ந்தவங்க. இப்பவே கிளம்புங்க, தசை காஞ்சு போச்சுன்னா தையல் போட முடியாது. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்க.