ஓட்டக்காரிகளுக்கு பீரியட்ஸ் நின்றுபோவது சகஜம்தானா?

உங்கள் தங்கை மாநில அளவில் 3,000 மீட்டர் ஓடுகிறாள், ஆறு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை, கோச்சிடம் கேட்டால் "கடுமையா பிராக்டிஸ் பண்றவங்களுக்கு அப்படித்தான்" என்கிறார், இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். இதே வார்த்தையை நம்பி ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவள் நான்.

கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் கிரவுண்டில் எடை பார்ப்பார்கள். ஸ்டோர் ரூம் வாசலில் வெயிட் மெஷின். ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் நோட்டில் குறிப்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். அதனால் ஞாயிறு ராத்திரி மெஸ்ஸில் எங்கள் மேஜையில் மட்டும் சப்பாத்தி மிஞ்சும். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் நிற்போம். சில மாதத்தில் 4 கிலோ குறைந்தேன். அடுத்த இரண்டு போட்டியிலும் என் நேரமும் குறைந்தது. எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எடை இறங்கிய புதிதில் கால் பறக்கும். கோச் தட்டிக்கொடுப்பார், வீட்டில் பூரித்துப்போவார்கள், இன்னும் ஒரு கிலோ குறைத்தால் என்ன என்று நமக்கே ஆசை வரும். பீரியட்ஸ் நின்றபோது ஒரு சீனியர் அக்கா, "சீசன்ல எனக்கும் வராதுடி, நிம்மதின்னு இரு" என்றார். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுங்கள். கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே இறங்கினால் பெண்களுக்கு ஹார்மோன்கள் தடுமாறும் என்று பொதுவாக ஒரு எல்லை சொல்வார்கள்; அது ஆளுக்கு ஆள் மாறும். 50 கிலோ பெண்ணுக்குக் கொழுப்பு போக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவள் 1,900 கலோரி சாப்பிடுகிறாள், ஓட்டத்தில் 700 போகிறது. மிச்சம் 1,200. வகுத்தால் 30. அவ்வளவு சாப்பிடுகிற பெண்ணைப் பார்த்து எந்த அம்மாவும் பட்டினி கிடக்கிறாள் என்று சொல்லமாட்டார். ஆனால் இதயம், எலும்பு, மூளை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் அந்த 1,200-ல்தான் உடம்பு ஓட்டியாக வேண்டும். கட்டுப்படியாகாதபோது மூளையிலிருக்கும் ஹைப்போதலாமஸ், உயிர்வாழ உடனடியாகத் தேவையில்லாத வேலையை முதலில் நிறுத்துகிறது. கருமுட்டை வராது, ஈஸ்ட்ரோஜன் இறங்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பு தேயும். எலும்பு சேர்த்துவைக்கிற வயதே பதின்பருவம்தான் என்பதால் உங்கள் தங்கை விஷயத்தில் எனக்குக் கூடுதல் பதற்றம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. பையன்களுக்கும் வரும், டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆனால் பீரியட்ஸ் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற அறிகுறி இல்லாததால் வெகுநாள் தெரியாமலே போகும். சாப்பாட்டையே நோயாக்கிக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் வரும் என்றும் இல்லை. பயந்து குறைப்பவர்கள் உண்டு, இவ்வளவு தேவை என்றே தெரியாதவர்களும் உண்டு. கடுமையாக ஓடி முடித்ததும் பசி செத்துப்போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடத்தில் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டி வரை ஓடியவர். உலகின் வசதியான பயிற்சிக் குழுக்களில் ஒன்றாக இருந்த நைக்கி ஓரிகன் புராஜெக்டில் சேர்ந்தார். 2019 நவம்பரில் அவரே வெளியே வந்து பேசினார்: 114 பவுண்டுக்கு, அதாவது சுமார் 52 கிலோவுக்கு எடையை இறக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் முன்னால் எடை பார்த்தார்கள், மூன்று வருடம் பீரியட்ஸ் இல்லை, ஐந்து எலும்புகள் உடைந்தன என்று. பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலசார் குற்றச்சாட்டை மறுத்தார். அந்த வீடியோவைப் பார்த்தபோது என் கண்ணில் எங்கள் ஸ்டோர் ரூம் வாசல்தான் வந்து நின்றது.

எனக்கு உடைந்தது ஒரு எலும்பு. பஸ் படியிலிருந்து இறங்கும்போது வலது முழங்காலுக்குக் கீழே, ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் சுரீர் என்றது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.-யில் விரிசல் தெரிந்தது. அந்த டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சும்மா?" என்று கேட்டார். காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. அதுவரை யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போய், தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) போன்ற வேறு காரணம் இல்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். எவ்வளவு ஓடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பது தீர்வாகாது. மாதாமாதம் வருவதுபோல் இருக்கும், எலும்பின் நிலைமை அப்படியே இருக்கும். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியைக் குறைத்தால்தான் உடம்பு திரும்பும். எனக்கு எட்டு மாதம் ஆனது. காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடித்த கையோடு பாலும் முட்டையும், அப்புறம் இட்லி என்று அம்மா ஆரம்பித்தார். முதல் வாரம் ஒவ்வொரு வாய்க்கும் அழுதேன்.

உங்கள் தங்கையும் அப்படி அழுதால், சாப்பாட்டை ஒளித்துவைத்தால், சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், மனநல மருத்துவரும் கட்டாயம் வேண்டும். அவளிடம் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், பாராட்டாகக்கூட. இன்றைக்கு ராத்திரியே ஒன்றை மட்டும் கேளுங்கள்: முழங்காலுக்குக் கீழேயோ பாதத்திலோ ஒரே இடத்தில் வலிக்கிறதா? ஆமாம் என்றால் நாளைக்குக் கிரவுண்டுக்கு அனுப்பாதீர்கள்.